பகடையும் கேடயச் சுவரும்: ஹேஸ்டிங்ஸ் போரை மேசைமேல் ஆடுவது பற்றி

கேள்வி

1066 அக்டோபர் 14 அன்று, இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த ஒரு குன்றில் ஆங்கிலேய மன்னர் ஹெரால்டின் படையும் நார்மண்டிக் கோமகன் வில்லியத்தின் படையும் காலையில் தொடங்கி அந்தி மயங்கும்வரை பொருதன. பொழுது சாய்ந்தபோது ஹெரால்ட் உயிரோடு இல்லை. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் வில்லியம் முடிசூடினார். அந்த ஒரு பகலைத்தான் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போர்விளையாட்டு ஆர்வலர்கள் மேசைமேல் மீண்டும் மீண்டும் நிகழ்த்திப் பார்க்கிறார்கள். ஓரிரு விரற்கடை உயரமுள்ள உலோக, பிளாஸ்டிக் உருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். அவற்றைச் செயற்கைக் குன்றின்மேல் அணிவகுக்கிறார்கள். அளவுகோல் வைத்து நகர்த்தி, பகடை உருட்டி மோதலைத் தீர்க்கிறார்கள்.

இந்த ஆட்டம் நமக்கு வரலாற்றைப் பற்றி எதையாவது சொல்கிறதா? இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. இது பெரியவர்களின் பொம்மை விளையாட்டு, இதில் அறிவு எதுவும் இல்லை என்பது ஒன்று. ஆவணம் சொல்லாததையும் ஆட்டம் சொல்லிவிடும், ஆடிப் பார்த்தால் நடந்தது தெரிந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. நார்மன்–சாக்சன் போருக்கு விதி எழுதுபவர், வரலாற்றாசிரியர்கள் முடிவு சொல்லாமல் விட்டுவைத்த இடங்களிலும் ஒரு முடிவை எடுத்தே ஆகவேண்டும். ஈட்டிக்காரனின் பலத்துக்கு ஓர் எண் தேவை; பின்வாங்கும் குதிரைப்படை திரும்புமா என்பதற்கு ஒரு விதி தேவை. ஆகவே விதிநூல் ஒவ்வொன்றும் ஹேஸ்டிங்ஸ் பற்றிய ஒரு வாதம். அந்த வாதத்தைச் சான்றுகளோடு வைத்துச் சோதிக்க முடியும் என்பதே இந்த ஆட்டத்தின் அறிவுப் பயன். அந்தச் சோதனையைச் சில இடங்களில் செய்துபார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

விதிநூல்களின் மரபு

மரபை விரிவாகச் சொல்ல இங்கே தேவையில்லை. இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற சதுரங்கத்தை விரித்து 1780இல் ஜெர்மானியரான ஹெல்விக் ஒரு போர் ஆட்டத்தை அமைத்தார். பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல், கட்டங்களை விட்டுவிட்டு நிலவரைபடத்துக்கு வந்தது. பகடையும் நடுவரும் அதில் இடம்பெற்றனர். எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' இதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் எழுதிய 'வார் கேம்ஸ்' நூலோடு இது ஒரு பரவலான பொழுதுபோக்காகியது. பண்டைய, இடைக்காலப் போர்களுக்கான விதிகளில் டோனி பாத் முன்னோடி. அவர் 1965இல் தொடங்கிய சொசைட்டி ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ் இன்றும் இயங்குகிறது. 1969இல் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் வெளியிட்ட விதிகள் ஓர் உருவத்தை இருபது வீரர்களுக்குச் சமமாகக் கொண்டன. அதே குழுவின் டி.பி.ஏ. 1990இல் படை முழுவதையும் வெறும் பன்னிரண்டு அணிகளாகச் சுருக்கியது. 2011இல் வந்த சாகா எதிர்த்திசையில் சென்றது. பெரும்படையை விட்டுவிட்டு, ஒரு தலைவனையும் அவனைச் சூழ்ந்த சில பத்து வீரர்களையும் மட்டும் அது எடுத்துக்கொண்டது.

இந்த மரபில் ஒன்று மட்டும் நம் ஆய்வுக்கு முக்கியம். சதுரங்கத்தில் இரு பக்கமும் சமம். ஹேஸ்டிங்ஸ் அப்படியன்று, நம் ஆடுபுலி ஆட்டம்போல இங்கே இரு தரப்பின் காய்களும் வேறு, நகர்வும் வேறு, வெற்றியின் பொருளும் வேறு. ஒரு பக்கம் வில்லாளரும் காலாளும் குதிரைவீரரும் கலந்து ஏறிவருகிறார்கள். மறுபக்கம் ஏறக்குறைய முழுவதும் காலாள். நின்ற இடத்தில் நிற்கிறார்கள். இப்போரைக் காட்டும் பேயூ சித்திரத் திரைச்சீலையில் ஆங்கிலேயத் தரப்பில் ஒரே ஒரு வில்லாளன்தான் இருக்கிறான். இத்தகைய சமமின்மையை எண்களாக மாற்றும்போதுதான் விதி எழுதுபவரின் வரலாற்றுப் பார்வை வெளிப்பட்டுவிடுகிறது.

சான்றுகள் எவை

போரை நேரில் கண்டவர் எழுதியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க விரிவான வரலாறு நம்மிடம் இல்லை. புவாத்தியே வில்லியம் என்பவர் கோமகனின் அரண்மனைப் பாதிரியார். குருவாகும் முன் படைவீரராக இருந்தவர். 1070களில் தம் தலைவரின் புகழ்பாட எழுதினார். போரில் அவர் இல்லை. ஆமியான் நகர ஆயர் கீ பாடியதாகக் கருதப்படும் 'கார்மென்' என்ற லத்தீன் செய்யுள் இன்னும் பழையதாக இருக்கலாம். அது பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பயிற்சிச் செய்யுளே என்று 1978இல் ஆர். எச். சி. டேவிஸ் வாதிட்டார், இன்று பெரும்பாலோர் அதன் பழமையை ஏற்கிறார்கள். சுமார் 70 மீட்டர் நீளமுள்ள பேயூ திரைச்சீலை, வில்லியத்தின் தாய்வழி அரைச்சகோதரர் ஆயர் ஓடோவின் ஏற்பாட்டில் உருவாகியிருக்க வேண்டும். ஆங்கிலேயத் தரப்பிலிருந்து ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்புகள் உள்ளன. அவை சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. தோற்றவர்கள் நீட்டிப் பேசும் நிலையில் இல்லை.

இவற்றில் பெரும்பான்மை வென்றவர்களின் குரல் என்பதை விதிநூல் வாசகர் மறக்கக் கூடாது. விதிநூலின் எண்கள் வரலாற்று நூல்களிலிருந்து வருகின்றன. அந்த நூல்கள் புவாத்தியே வில்லியத்திடமிருந்து வருகின்றன. அவரோ தம் கோமகனுக்குக் கடன்பட்டவர்.

குன்றின் கணக்கு

ஆட்டம் தெளிவாக உதவும் இடம் ஒன்று உண்டு: இடக்கணக்கு. ஏட்டில் ஏழாயிரம் பேரைப் பத்தாயிரம் ஆக்கப் பேனா முனை போதும். மேசையில் அது முடியாது, உருவங்கள் குன்றைவிட்டு வழிந்துவிடும்.

ஆங்கிலேய அணி நின்ற மேட்டின் முகப்பைச் சுமார் 700 மீட்டர் என்று கொள்வோம். பின்னர் கட்டிய பேட்டில் மடாலயம் அந்த மேட்டின் உச்சியை வெட்டிச் சமப்படுத்தியதால் துல்லியத்துக்கு வழியில்லை. கேடயம் ஏந்தி நெருங்கி நிற்கும் ஒருவனுக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். அப்படியானால் ஒரு வரிசைக்கு 780 பேர்வரை நிற்கலாம். ஏழாயிரம் பேர் ஒன்பது வரிசைகளாகிவிடுவார்கள். ஐயாயிரம் என்றால் ஆறுக்கும் ஏழுக்கும் இடையே. எம். கே. லாசன் 2002இல் வாதிட்டதுபோலப் படைகள் வழக்கமான மதிப்பீட்டைவிடப் பெரியவை என்றால் ஆழம் இன்னும் கூடும். ஆங்கிலேயர் மிக நெருங்கி நின்றதால் இறந்தவர்கள் விழக்கூட இடமில்லை என்கிற பொருளில் புவாத்தியே வில்லியம் எழுதுகிறார். இடம் குறுகலாக இருந்ததால் பலர் விலகிப்போனார்கள் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேய ஆண்டுக்குறிப்பாளர் வுஸ்டர் ஜான் எழுதுகிறார். வெவ்வேறு பக்கத்தைச் சார்ந்த இவ்விருவரும் இந்த ஒன்றில் ஒத்துப்போவதும், கணக்கு இருவரையும் தாங்குவதும் மதிப்புள்ள செய்தி.

குதிரைப்படைக்கு இதே கணக்கைப் போட்டால் இன்னும் சுவையான ஒன்று தெரிகிறது. வில்லியத்திடம் சுமார் இரண்டாயிரம் குதிரைவீரர் இருந்ததாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். குதிரைக்கு ஒன்றரை மீட்டர் என்றால் அதே முகப்பில் ஒரு வரிசைக்கு 470க்கும் குறைவானவர்களே நெருங்க முடியும். அதாவது எந்த நேரத்திலும் நான்கில் மூன்று பங்குக் குதிரைவீரர்கள் பின்னால் காத்திருந்தார்கள். திரைப்படங்கள் காட்டும் ஒரே பெரும்பாய்ச்சலுக்கு அந்தக் குன்றில் இடமே இல்லை. சிறு குழுக்கள் ஏறுவதும், எறிவதும் வெட்டுவதும், இறங்குவதும், வேறு குழுக்கள் ஏறுவதுமாகத்தான் அந்தப் பகல் கழிந்திருக்க வேண்டும். பண்டைய காலாள் போர்கள் இடைவிடாத கைகலப்பாக இல்லாமல், மோதலும் ஓய்வும் மாறிமாறி வந்தவையாகவே இருந்திருக்கும் என்று ரோமப் போர்களைக் குறித்து ஃபிலிப் சாபின் 2000இல் முன்வைத்த கருத்து இங்கும் பொருந்துகிறது. சாபின் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். போர்விளையாட்டை ஆய்வுக் கருவியாகவே கையாண்டவர். அவருடைய 'லாஸ்ட் பேட்டில்ஸ்' நூல் இந்தத் துறைக்கு ஒரு மரியாதையைப் பெற்றுத்தந்தது.

பகடையின் தீர்ப்பு

இனி எண்களுக்கு வருவோம். டி.பி.ஏ.யை எடுத்துக்கொள்கிறேன்; அதன் எளிமையால் கணக்கைக் கையால் போட்டுவிடலாம். இரு அணிகள் மோதும்போது ஒவ்வொருவரும் ஒரு பகடை உருட்டி, அந்த அணிக்குரிய எண்ணைக் கூட்டுகிறார்கள். காலாளை எதிர்க்கும், நைட் எனப்படும் நார்மன் குதிரைவீரர் அணிக்கு 3. குதிரைப்படையை எதிர்க்கும் ஈட்டிக்காரர் அணிக்கு 4. வாளும் கோடரியும் ஏந்திய வலுமிக்க காலாளுக்கு, அதாவது ஹெரால்டின் ஹவுஸ்கார்ல்களுக்கு, காலாளை எதிர்த்து 5 கிடைக்கிறது; குதிரைப்படையை எதிர்த்து 3தான். மேட்டில் நிற்பவருக்கு 1 கூடும். எதிரியின் கூட்டலில் பாதியோ அதற்கும் குறைவோ பெற்ற அணி அழியும். திறந்த வெளியில் நைட்டுகள் இத்தகைய காலாளை வென்றாலே போதும், காலாள் அணி அழிந்துவிடும்.

தளபதிக்கும் துணை அணிகளுக்கும் தரும் கூடுதல்களை விலக்கிவிட்டு, சாத்தியமுள்ள 36 பகடைச் சேர்க்கைகளையும் எண்ணிப் பார்த்தேன். மேட்டில் நிற்கும் ஈட்டிக்காரரை நைட்டுகள் உடைப்பது 36இல் 6 முறை. ஏறிவந்த நைட்டுகளே அழிவதும் 6 முறை. அதே மேட்டில் நிற்பவர்கள் ஹவுஸ்கார்ல்கள் என்றால் நைட்டுகள் உடைப்பது 36இல் 10 முறை, அழிவது 4 முறை மட்டுமே.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்த விதியின்படி, குதிரைப்படைக்கு முன்னால் நாட்டின் தலைசிறந்த வீரர்கள் கிராமத்து ஈட்டிக்காரர்களைவிட எளிதாக வீழ்கிறார்கள். பண்டைய உலகம் முழுவதையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவர முயன்றதன் விளைவு இது. வாள்வீரன் குதிரைக்கு முன் பலவீனன், ஈட்டிக்காரன் பலவான் என்ற பொதுவிதி பல காலங்களுக்குப் பொருந்தலாம். பேயூ திரைச்சீலையிலோ நீண்ட கைப்பிடிக் கோடரி குதிரையின் தலையையே பிளக்கிறது. பொதுவிதிக்கும் குறிப்பிட்ட சான்றுக்கும் இடையே விதிநூல் பொதுவிதியின் பக்கம் நின்றுவிட்டது.

இன்னொரு விளைவும் உண்டு. ஈட்டிக்காரரின் ஆறு அணிகளை ஆறு நைட் அணிகள் ஒரே முறை தாக்கினால், ஒன்றுகூட உடையாமலிருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு. இரண்டாம் அலையில் அது ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கும். கேடயச் சுவர் காலை ஒன்பது மணியிலிருந்து அந்திவரை நின்றது என்பதில் சான்றுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவ்வளவு நேரம் நீடித்தது அக்காலப் போர்களில் அரிது. ஹேஸ்டிங்ஸின் தனித்தன்மையே அந்த நீட்சிதான். டி.பி.ஏ. ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதியது; அந்த நோக்கமே சுவரை நொறுங்கத்தக்கதாக்கிவிட்டது.

இதன் அடியில் ஒரு காலமயக்கமும் உள்ளது. 'நைட்' என்ற வகைப்பாடு, ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முழு வேகத்தில் மோதும் வீரனை நினைத்து அமைந்தது. திரைச்சீலையின் நார்மன் வீரர்களில் பலர் ஈட்டியைத் தலைக்குமேல் ஓங்கியிருக்கிறார்கள், சிலர் எறிகிறார்கள், கக்கத்தில் இடுக்கியவர்களும் இருக்கிறார்கள். மோதல்முறை இன்னும் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. அடர்ந்து நிற்கும் மனிதச் சுவருக்குள் குதிரை தானாகப் பாயாது என்பதை ஜான் கீகன் 1976இல் 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' நூலில் வலியுறுத்தினார். பன்னிரண்டாம் நூற்றாண்டு நைட்டை 1066இன் குன்றில் ஏற்றினால், சுவர் ஏன் நின்றது என்பதற்கு விதியால் விடை சொல்ல முடியாது.

இந்த இடத்தில் சாகா நுட்பமானது. அதில் டேனியக் கலப்புள்ள ஆங்கிலேயப் படையின் தனித்திறன், எதிரிக்குக் களைப்பை ஏற்றுவது. களைத்த அணி மெதுவாக நகரும், எளிதில் அடிபடும். போரைத் தீர்மானித்தது சோர்வுதான் என்ற வேறொரு விளக்கம் இந்த விதிக்குள் இருக்கிறது. ஆனால் சாகாவில் ஒரு பக்கத்துக்குச் சில பத்து உருவங்களே. ஒன்பது வரிசை ஆழமும் 700 மீட்டர் முகப்பும் அங்கே மறைந்துபோகின்றன. களைப்பைச் சரியாகப் பிடித்த ஆட்டம் நெரிசலை இழந்துவிடுகிறது.

ஃபிர்ட் யார்?

உருவங்களும் வாதிடுகின்றன. சாக்சன் படை என்று கடையில் வாங்கும் பெட்டிகளில், கவசமணிந்த ஹவுஸ்கார்ல்களோடு, ஃபிர்ட் எனப்பட்ட திரட்டுப் படைக்கென்று வெறுந்தலையும் தடியும் கவணுமாக நிற்கும் குடியானவர்கள் இருப்பதைப் பார்க்கலாம். சாகாவிலும் ஒரு புள்ளிக்குக் காவல்வீரர் 4 பேர், வீரர் 8 பேர், திரட்டுப் படையினர் 12 பேர் என்ற அளவில் கடைசி வகை மலிவானது.

இந்தப் படிமம் எங்கிருந்து வந்தது? தேர்ந்த ஃபிர்ட், பெரு ஃபிர்ட் என்று இரண்டாகப் பிரித்த வாரன் ஹோலிஸ்டரின் 1962ஆம் ஆண்டு நூலிலும், அதற்கு முந்திய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்பனைகளிலும் இதன் வேர்கள் உள்ளன. ஆயுதமேந்திய சுதந்திரக் குடியானவர்களின் தேசம் அந்நியக் குதிரைவீரர்களிடம் வீழ்ந்தது என்ற கதை விக்டோரிய இங்கிலாந்துக்கு இனித்தது. ரிச்சர்ட் ஏபல்ஸ் 1988இல் இந்தப் பிரிவினையை மறுத்தார். நிலவுடைமையும் தலைவன்–பணியாள் உறவுமே படைக்கடமையின் அடிப்படை என்றார். டூம்ஸ்டே நிலக்கணக்கு ஏட்டின் பெர்க்‌ஷர் பகுதி தரும் செய்தி இங்கே உறுதியான பிடி. அரசன் படை திரட்டினால் ஐந்து ஹைடு (அக்கால நில அளவு) நிலத்துக்கு ஒருவன் போக வேண்டும். இரண்டு மாதத்துக்கு அவனுடைய செலவுக்காக ஒவ்வொரு ஹைடும் நான்கு ஷில்லிங் தர வேண்டும். ஐந்து ஹைடுக்கு இருபது ஷில்லிங். இப்படிச் செலவழித்து அனுப்பும் ஒருவனிடம் வைக்கோல்வாரியைக் கொடுத்தா அனுப்பியிருப்பார்கள்? மறுபக்கம், ஹவுஸ்கார்ல்கள் தனி விதிகள் கொண்ட நிலையான படையமைப்பு என்ற பழைய எண்ணத்தை நிக்கலஸ் ஹூப்பர் 1980களில் கேள்விக்குள்ளாக்கினார். மேலே தொழில்வீரர், கீழே குடியானவர் என்று இருமுனையாகக் கண்ட படை, நடுவில் அடர்ந்த ஒன்றாக இருந்திருக்கலாம்.

திரைச்சீலையில் ஒரு சிறு மேட்டில் கவசமில்லாத ஆங்கிலேயர்கள் நின்று போராடும் காட்சி உண்டு. ஆகவே எளிய ஆயுதக்காரர்களே இல்லை என்று சொல்வதும் தவறு. அவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. பாதிப் பெட்டியைக் குடியானவர்களால் நிரப்பும் தயாரிப்பாளர், நூறாண்டுப் பழைமையான ஒரு விடையை வண்ணம் தீட்டக் கொடுக்கிறார். கோட்டைவேலித் தகராறும் இதே வகையைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் ஹெரால்டின் அணிக்கு முன்னே ஒரு மரவேலியை எழுப்பினார், ஜே. எச். ரவுண்ட் 1892இல் தொடங்கி அதைக் கடுமையாகத் தகர்த்தார். வேலி வரலாற்று நூல்களிலிருந்து போய்விட்டது.

ஓட்டம் மெய்யா, பொய்யா?

ஹேஸ்டிங்ஸ் பற்றிய விவாதங்களின் முடிச்சு இங்கேதான் உள்ளது; விதி எழுதுபவரின் கடினமான முடிவும் இதுவே.

புவாத்தியே வில்லியம் சொல்லும் வரிசை இது. முதலில் வில்லியத்தின் படையில் இடப்பக்கத்தில் நின்ற பிரெத்தோனியர் மெய்யாகவே புறங்காட்டி ஓடினர். ஏறக்குறைய முழு அணியும் ஆட்டங்கண்டது. கோமகன் இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவியது. வில்லியம் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்டிப் படையைத் திருப்பினார். துரத்தி வந்த ஆங்கிலேயர்களைச் சூழ்ந்து வெட்டினர். இந்த விபத்தின் பயனைக் கண்ட நார்மன்கள் பிறகு இருமுறை பொய்யாக ஓடி, துரத்தியவர்களைத் திரும்பித் தாக்கினர். கார்மெனோ வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் தந்திரமாக ஓடினர், ஆங்கிலேயர் துரத்தினர், பொய்யோட்டம் மெய்யோட்டமாக மாறிவிட்டது, அப்போதுதான் கோமகன் முகம் காட்டி மீட்டார். திரைச்சீலை, கோமகன் முகம் காட்டுவதையும் ஓடோ தடியோடு வந்து ஊக்குவதையும் காட்டுகிறது. தந்திரமா அச்சமா என்று எழுத்தில் எதுவும் சொல்லவில்லை.

வரலாற்றாசிரியர்கள் பிரிந்து நிற்கிறார்கள். படை அதிகாரியாக இருந்த சார்லஸ் லெமன் 1956இல், போரின் இரைச்சலுக்கிடையே ஆயிரக்கணக்கான குதிரைவீரர்களை ஒருங்கே ஓடவும் திரும்பவும் செய்வது இயலாது; அவமானத்தை மறைக்க எழுதியவர்கள் கண்டுபிடித்ததே பொய்யோட்டம் என்றார். ஜான் பீலரும் ஐயுற்றார். எதிர்வாதமும் வலுவானது. 1053இல் ஆர்க் அருகிலும், 1060இல் மெசினாவிலும் நார்மன்கள் இதே உத்தியைக் கையாண்டதாகவும், 1071இல் காசெலில் ஃபிளாண்டர்ஸ் தரப்பு கையாண்டதாகவும் செய்திகள் உள்ளன. ஒன்றாகப் பயின்று ஒன்றாக வாழ்ந்த சிறு குதிரைக் குழுக்களுக்கு இது கடினமன்று என்று ஆலன் பிரவுன் வாதிட்டார். பிரெத்தோனியரிடம் பண்டைய ஆலானியர் இனத்தின் குதிரைப்போர் மரபு தங்கியிருந்தது என்று பெர்னார்ட் பாக்ராக் 1971இல் எழுதினார்.

விதிநூல் இதை மூன்று வழிகளில் கையாளலாம். முதல் வழி, பொய்யோட்டம் நார்மன் ஆட்டக்காரர் இடும் ஒரு கட்டளை. அப்போது உடனே ஒரு தடை எழுகிறது. எதிரே அமர்ந்திருப்பவருக்கு ஹேஸ்டிங்ஸ் தெரியும். அவர் குன்றைவிட்டு இறங்கவே மாட்டார். ஆகவே இரண்டாம் வழி வருகிறது: துரத்துவதைக் கட்டாயமாக்குவது. எதிரே நின்றவர் பின்வாங்கினால் குறிப்பிட்ட அணிகள் தாமாக முன்னேறியே தீரவேண்டும் என்ற விதி பல நூல்களில் உள்ளது. இது ஆட்டத்தை நடத்திவிடும், ஆனால் ஒரு தீர்ப்பையும் கூடவே திணிக்கிறது. சாக்சன் இயல்பாகவே கட்டுப்பாடற்றவன், கண்மூடித் துரத்துபவன் என்பதே அந்தத் தீர்ப்பு. முந்தைய பகுதியில் கண்ட வைக்கோல்வாரிக் குடியானவன் இங்கே மீண்டும் வந்துவிடுகிறான்.

துரத்தியது மடமைதானா? வெற்றியின் வரையறையைப் பொறுத்தது அது. வில்லியம் கடல்கடந்து வந்தவர். உணவுக்கு நாட்டைச் சூறையாடியாக வேண்டும். ஹெரால்டுக்கு நாள்தோறும் ஆள் சேரும். இருள்வரை நின்றாலே ஹெரால்டுக்கு வெற்றி என்று விதி எழுதினால் இறங்குவது மடமை. எதிரிப் படையை அழித்தால்தான் வெற்றி என்று எழுதினால், காலாள் படைக்கு அழிக்கும் வாய்ப்பு ஒன்றே ஒன்றுதான்: எதிரி புறங்காட்டும் அந்தக் கணம். அப்போது இறங்காத தளபதியைத்தான் குறைசொல்ல வேண்டும். பிரெத்தோனியர் சிதறிய நேரத்தில் அணி முழுவதும் ஒன்றாக இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது நியாயமான ஐயம். திரைச்சீலை ஹெரால்டின் தம்பியர் கிர்த்தும் லியோஃப்வினும் விழுவதை ஓட்டத்துக்கு முன்பே காட்டுகிறது. இறங்குவதா நிற்பதா என்று ஒரு பக்கத்துக்குக் கட்டளையிட வேண்டியவர்கள் அந்த நேரத்தில் இல்லாமல் போயிருக்கக்கூடும். கட்டுப்பாடின்மை என்று நாம் படிப்பது, கட்டளையிடுபவரின் இன்மையாக இருக்கலாம்.

மூன்றாம் வழி எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. நார்மன் ஆட்டக்காரர் விரும்பிப் பின்வாங்கினாலும் சோதனையில் தோற்றுப் பின்வாங்கினாலும் மேசையில் நகர்வு ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டிலும், நிற்கின்றனரா என்பதை அடுத்த முறை பகடை சொல்லட்டும். தானாகப் பின்வாங்கிய அணிக்குச் சற்றே கூடுதல் வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. எதிரே இருப்பவருக்கு எது என்று தெரியக் கூடாது; கிரீக்ஸ்பீலின் நடுவரைப் போன்ற ஒருவர் மட்டும் அறிந்திருக்கலாம். இப்படி அமைத்தால் ஒன்று வெளிச்சமாகிறது. அச்சத்தில் ஓடிய குழு பாதிவழியில் நின்று திரும்பினால், பார்ப்பவர் கண்ணுக்கு அது தந்திரமாகவே தெரியும். தந்திரமாகத் தொடங்கி நிற்க முடியாமல் போன குழு, ஓட்டமாகவே தெரியும். களத்தில் ஒரே நகர்வு. பெயர் சூட்டுவது முடிவுக்குப் பிறகு. புவாத்தியே வில்லியமும் கார்மெனும் முரண்படுவது நடந்த நிகழ்ச்சிகளில் அல்லாமல், அவற்றுக்குச் சூட்டிய பெயர்களில் மட்டும் என்ற வாய்ப்பு இதனால் திறக்கிறது. லெமனின் தடையும் தளர்கிறது: ஆயிரம் பேர் ஒன்றாக நடிக்கத் தேவையில்லை, இருபது முப்பது பேர் கொண்ட குழுக்கள் பல, சில நடித்தும் சில நடுங்கியும், ஒரே மணி நேரத்தில் இறங்கியிருக்கலாம். இடக்கணக்கில் கண்ட அலையலையான ஏற்ற இறக்கத்தோடும் இது இசைகிறது. இது நிரூபணம் அல்ல என்பதை நானே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு விளக்கம் உள்முரண் இல்லாமல் இயங்குகிறதா என்பதை மட்டுமே ஆட்டம் காட்டும். அப்படித்தான் நடந்தது என்பதற்குச் சான்று வேறெங்கிருந்தாவது வரவேண்டும்.

அணிவகுப்பு என்னும் முன்முடிவு

இதுவரை சொன்னவை ஆட்டம் தொடங்கிய பிறகு வரும் விதிகள். தொடக்கமே ஒரு முடிவு என்பதைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். மேசையில் ஹேஸ்டிங்ஸ் வழக்கமாக இப்படித்தான் தொடங்குகிறது: குன்றின் நெடுகிலும் ஒழுங்கான கேடயச் சுவர், கீழே வில்லாளர், காலாள், குதிரைப்படை என மூன்று வரிசைகள். இது புவாத்தியே வில்லியத்தின் சித்திரம். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின் ஒரு பிரதி, ஹெரால்டின் படை அணிவகுக்கும் முன்பே வில்லியம் எதிர்பாராமல் வந்து தாக்கினார் என்கிறது. வுஸ்டர் ஜான், படையில் மூன்றில் ஒரு பங்கு அணிவகுக்கும் முன்பே போர் மூண்டது என்கிறார். செப்டம்பர் 25 அன்று வடக்கே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் நோர்வே அரசரை வென்று, மூன்று வாரத்துக்குள் நாட்டின் நீளத்தைக் கடந்து வந்த படைக்கு இது நம்பத்தகாத செய்தி இல்லை. தோற்றவர்கள் சொல்லும் சாக்காகவும் இருக்கலாம்.

இதை விதியாக்கிப் பார்ப்போம். டி.பி.ஏ.யின் பன்னிரண்டு சாக்சன் அணிகளில் நான்கு மட்டும் குன்றில். மீதி எட்டும் வடக்குச் சாலையில் வந்துகொண்டிருக்கின்றன. அந்த ஆட்டத்தில் நான்கு அணிகளை இழந்த படை தோற்றதாகக் கணக்கு. நார்மன் படை முழுவதும் அடிவாரத்தில் ஆயத்தமாக நின்றால், மீதிப் படை வந்துசேரும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். அந்திவரை நீண்ட போருக்கு இடமே இராது. ஆகவே ஆங்கிலேயச் சான்றுகளின் கூற்றும் போரின் நீளமும் ஒருங்கே உண்மையாக வேண்டுமானால் இன்னொன்றும் உண்மையாக இருந்தாக வேண்டும். அன்று காலை ஹேஸ்டிங்ஸிலிருந்து ஒரே பாதையில் சுமார் பத்து கிலோமீட்டர் நடந்து வந்த நார்மன் படையும் அப்போது நீண்ட வரிசையாக வந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். முதல் தாக்குதல்களில் அதன் ஒரு பகுதியே ஈடுபட்டிருக்க வேண்டும். இடப்பக்கத்துப் பிரெத்தோனியர் முதலில் உடைந்ததற்கு, துணை அணிகள் இன்னும் வந்துசேராததே காரணமாக இருந்திருக்கலாமா என்பது, புவாத்தியே வில்லியத்தின் மூன்று ஒழுங்கான வரிசைகளை ஒருமுறை விலக்கி வைத்துவிட்டு ஆடிப் பார்க்க வேண்டிய கேள்வி.